எத்தனை எக்ஸ்?

நல்ல ரைஃபிள் வாங்கப்போகிறவர் ஆறு மாதம் படிக்கிறார். பேரல் எப்படிச் செய்தது, ட்ரிகர் எத்தனை பவுண்டில் விடும், கட்டை வால்நட் மரமா செயற்கை இழையா, போல்ட்டின் நகம் தோட்டாவை எப்படிக் கவ்வும் என்று எல்லாம் அத்துப்படி. ஆயிரத்து ஐநூறு டாலரை எண்ணி வைக்கிறார். அப்புறம் ஸ்கோப் அடுக்கியிருக்கும் கண்ணாடி அலமாரிப் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "இது எத்தனை எக்ஸ்?" பதில் பெரிய எண்ணாக இருந்தால் முகம் மலர்ந்துவிடுகிறது. கடைசியில் பில் போடும் நேரத்தில் கடைக்காரர் மேசைக்கு அடியில் கையை விட்டு, பிளாஸ்டிக் அட்டையில் ஒட்டிய நாற்பது டாலர் ரிங் ஜோடி ஒன்றை எடுத்துப் போடுகிறார். "இது போதும் சார்." இவரும் தலையாட்டிவிட்டு வருகிறார்.

இந்த வரிசை தலைகீழ் என்பதுதான் என் வாதம். முதலில் மவுண்ட். அப்புறம் கண்ணாடியின் தரமும், திருகினால் திருகிய அளவு நகர்கிற நேர்மையும். உருப்பெருக்கம் கடைசி, கடைசியிலும் கடைசி. உருப்பெருக்கம் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சடிக்கக்கூடிய எண். மவுண்டின் உறுதியை அப்படி அச்சடிக்க முடியாது. அச்சடிக்க முடிந்ததைத்தான் சந்தை விற்கும், அதில் ஆச்சரியமில்லை. வாங்குகிறவரும் அதே எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏனென்றால் இந்தத் தப்புக்கான விலையை அவர் கொடுப்பதில்லை. நான்கு கால் உள்ள ஒன்று கொடுக்கிறது.

"தமிழில் இதை யாருக்கு எழுதுகிறீர்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் வேட்டை என்பது நடைமுறையில் முடிந்துபோன கதை. நான் இருப்பது பென்சில்வேனியாவில். பகலில் இயந்திர உதிரிபாகங்களை அளந்து பார்க்கிற வேலை; மைக்ரான் கணக்கில் சண்டை போட்டே தலை நரைத்தவன். நவம்பர் கடைசியில் நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை மான் பருவம் தொடங்கும்போது ஆரஞ்சு நிற மேல்சட்டையோடு காட்டுக்குள் போய்விடுவேன். இங்கே இப்படிப் போகிற தமிழர்கள் இப்போது கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். எல்லோரும் புதிதாக வாங்குகிறவர்கள். எல்லோரும் அந்த ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். வேட்டை சரியா தவறா என்பது வேறு விவாதம், அதை இங்கே தீர்க்கப்போவதில்லை. துப்பாக்கி, தோட்டா விற்பனை மீது 1937-லிருந்து வசூலிக்கிற வரி இந்த நாட்டின் வனவிலங்குகளுக்காகச் செலவாகிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். ஆனால் வேட்டையாடுவது என்று முடிவு செய்துவிட்டால், குண்டு எங்கே போய் விழும் என்று தெரிந்திருப்பது குறைந்தபட்ச மரியாதை. அதைத் தீர்மானிப்பதில் மவுண்டுக்கு இருக்கும் பங்கை யாரும் பேசுவதில்லை.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். பள்ளிக்கூடத்து முக்கோணக் கணக்குதான்.

ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் இரண்டு வளையங்களுக்கு இடையே ஐந்து அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்று மட்டும் பக்கவாட்டில் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு நகர்கிறது. அதாவது ஒரு தலைமயிரின் தடிமன். நூறு கெஜத்தில் குண்டு இரண்டு அங்குலம் தள்ளி விழும். முந்நூறு கெஜத்தில் ஆறரை அங்குலம். வெள்ளைவால் மானின் நெஞ்சுக்கூட்டில் நுரையீரலும் இதயமும் இருக்கும் இடம் எட்டங்குல வட்டம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நடுவில் குறிவைத்தால் ஒரு பக்கத்துக்கு நான்கு அங்குலம்தான் இருக்கிறது. ஒரு மயிரிழை நகர்வு உங்களை அந்த வட்டத்துக்கு வெளியே, வயிற்றிலோ தொடையிலோ கொண்டுபோய் விட்டுவிட்டது. ஸ்கோப் ஐந்து எக்ஸா ஐம்பது எக்ஸா என்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஐம்பது எக்ஸில் தப்பான இடம் இன்னும் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான்.

"இரும்பை இரும்போடு திருகியிருக்கிறது, எப்படி நகரும்?" என்பார்கள். இன்னொரு கணக்கு. எட்டு பவுண்டு எடையுள்ள ஒரு .30-06 ரைஃபிள். 180 கிரெய்ன் குண்டு, விநாடிக்கு 2,700 அடி வேகம். குண்டு பேரலுக்குள் இருக்கும் நேரம் சுமார் ஒன்றரை மில்லி விநாடி. அதற்குள் சும்மா கிடந்த துப்பாக்கி விநாடிக்கு ஏறத்தாழ மூன்று மீட்டர் வேகத்தில் பின்னால் பாய ஆரம்பித்திருக்கும். முடுக்கம் என்று பார்த்தால் புவியீர்ப்பைப் போல சராசரியாக இருநூறு மடங்கு. உச்சத்தில் அதற்கும் மேல். துப்பாக்கி பின்னால் போகிறது, ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. இழுத்துக்கொண்டு போகவேண்டியது மவுண்ட். 13 அவுன்ஸ் ஸ்கோப் என்றால் எழுபது கிலோவுக்கு மேல் இழுவிசை. இப்போது நாகரிகமாகிவிட்ட 35 அவுன்ஸ் ராட்சத ஸ்கோப் என்றால் இருநூறு கிலோ. ஒவ்வொரு வெடிக்கும்.

இந்த இருநூறு கிலோவை எது தாங்குகிறது? பல ரைஃபிள்களில், ரிசீவர் என்கிற இரும்பு உடலின் மேல் துளையிட்டு மரைபோட்ட நான்கு சின்னத் திருகுகள். அமெரிக்க வழக்கில் இவை பெரும்பாலும் 6-48 எனப்படும் அளவு. மூன்றரை மில்லிமீட்டர் விட்டம். மூக்குக்கண்ணாடித் திருகைவிடக் கொஞ்சம் பெரியது என்று சொல்லலாம். சில தயாரிப்பாளர்கள் இப்போது 8-40 அளவுக்கு மாறியிருக்கிறார்கள். விட்டம் முக்கால் மில்லிமீட்டர்கூட அதிகமில்லை, ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பு நாற்பது சதவீதம் கூடுகிறது. ரைஃபிள் வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வி இது. கேட்டுப் பாருங்கள், பாதிக் கடைக்காரர்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

உண்மையில் திருகு வெட்டுவிசையைத் தாங்கவே கூடாது. திருகின் வேலை அழுத்திப் பிடிப்பது. பின்னுதைப்பைத் தாங்கும் வேலையை உலோகம் உலோகத்தின் மேல் முட்டி நிற்கும் இடம் செய்யவேண்டும். நல்ல மவுண்ட் என்பதன் இலக்கணம் இந்த ஒரு வரிதான். இதை வைத்துக்கொண்டு பார்த்தால் விளம்பரங்களை மறந்துவிடலாம்.

சாக்கோ ரைஃபிளைப் பாருங்கள். ரிசீவரின் முதுகிலேயே ஆப்பு வடிவத்தில் தண்டவாளம் வெட்டியிருக்கிறார்கள். வெடிக்கும்போது வளையம் நழுவப் பார்த்தால் ஆப்பின் அகலமான பக்கம் போய் இன்னும் இறுகிக்கொள்கிறது. ரூகர் 1968-இல் எம்77 கொண்டுவந்தபோது ரிசீவரிலேயே பிறைவடிவக் குழிகள் வெட்டி, அதில் பொருந்தி உட்காரும் வளையங்களைத் துப்பாக்கியோடு பெட்டியிலேயே கொடுத்தார்கள். தனியாக பேஸ் என்ற ஒன்றே கிடையாது. ஒரு இணைப்பு குறைந்தால் நழுவுவதற்கு ஒரு இடம் குறைகிறது. இப்படித் துப்பாக்கியின் உடலிலேயே ஏற்பாடு செய்து தருகிறவர்களை நான் மதிக்கிறேன். ஸ்கோப் என்பது பிற்பாடு ஒட்டவைக்கும் அலங்காரமல்ல என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

பிக்காட்டினி தண்டவாளத்தையும் சொல்லவேண்டும். நியூ ஜெர்சியில் இருக்கும் ஆயுதக்கிடங்கின் பெயர் அது. 1995-இல் அமெரிக்க ராணுவம் இதை ஒரு தரமாக நிர்ணயித்தது. குறுக்கே அளவான இடைவெளியில் வெட்டிய பள்ளங்கள், அதில் விழுந்து உட்காரும் குறுக்குத் தண்டு. பார்க்க ஏதோ பல்சக்கரத்தை நிமிர்த்தி வைத்த மாதிரி அசிங்கமாக இருக்கும். வால்நட் கட்டையும் நீலம் பூசிய எஃகுமாக இருக்கும் அழகான ரைஃபிளின் மேல் அதை வைக்க எனக்கே மனசு வராது. ஆனால் வேலை செய்கிறது. இறுக்குவதற்கு முன்னால் வளையத்தை முன்பக்கமாகத் தள்ளி, குறுக்குத்தண்டு பள்ளத்தின் சுவரில் முட்டிய பிறகு இறுக்கவேண்டும். இதைச் செய்யாமல் நடுவாந்திரமாக வைத்து இறுக்கினால், முதல் பத்து வெடியில் துப்பாக்கியே அதைத் தள்ளி முட்டவைத்துக்கொள்ளும். குண்டு விழும் இடம் அதுவரை அலைந்துகொண்டே இருக்கும். அதன் பிறகு "ஸ்கோப் சரியில்லை" என்று திருப்பி அனுப்புவார்கள்.

ஜெர்மனியில், ஆஸ்திரியாவில் கதை வேறு. ஒரே துப்பாக்கியில் சிதறுகுண்டுப் பேரலும் ரைஃபிள் பேரலும் சேர்ந்த மூன்று குழல் துப்பாக்கிகள் அங்கே பழைய மரபு. பறவைக்கு ஸ்கோப் வேண்டாம், மானுக்கு வேண்டும். அதனால் கழற்றி மாட்டக்கூடிய, மாட்டினால் அதே இடத்தில் வந்து உட்காரும் நக மவுண்டுகளை ஸூல் நகரத்துக் கைவினைஞர்கள் அரத்தால் ராவி ராவிப் பொருத்தினார்கள். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாக. சிலசமயம் அந்த வேலைக்குக் கூலியே ஒரு நல்ல ஸ்கோப்பின் விலை இருக்கும். கொடுத்தார்கள். மவுண்டுக்குக் காசு கொடுப்பதில் கூச்சமில்லாத ஒரு வேட்டைக் கலாசாரம் உலகத்தில் இருந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இங்கே அமெரிக்காவில் ஒரு பழமொழி உலவுகிறது: ரைஃபிளுக்குக் கொடுத்த அளவு ஸ்கோப்புக்கும் கொடு. பெரியவர்கள் எல்லோரும் வேதவாக்காகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் மலிவான ஸ்கோப்புகளுக்குள் நீராவி படிந்து ஒன்றும் தெரியாமல்போகும். அதற்கு எதிராகச் சொன்ன அறிவுரை அது. ஆரிகனைச் சேர்ந்த லூபோல்ட் நிறுவனம் குழாய்க்குள் நைட்ரஜன் அடைத்து அந்தத் தொல்லையை ஒழிக்க வழிகாட்டியது. இன்று முந்நூறு, நானூறு டாலர் ஸ்கோப்கூட மழையில் நனைந்தால் தாக்குப்பிடிக்கும். ஆக, பழமொழிக்கான காரணம் பெருமளவு போய்விட்டது, பழமொழி மட்டும் மிச்சம். கவனியுங்கள், அதில் மவுண்ட் என்ற சொல்லே இல்லை. ரைஃபிளுக்கு ஆயிரத்து ஐநூறு, ஸ்கோப்புக்கு ஆயிரத்து ஐநூறு, இரண்டையும் சேர்த்துவைப்பதற்கு நாற்பது. கல்யாணத்துக்கு மண்டபமும் நகையும் பார்த்துவிட்டுத் தாலிக்கயிற்றை வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்கிற மாதிரி.

மாட்டும் வேலையும் இதே லட்சணம்தான். எல்-வடிவச் சாவியால் "நல்லா இறுக்கிட்டேன்" என்பார்கள். வளையத்தின் மேல்மூடித் திருகுகளுக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்வது 15-லிருந்து 18 அங்குல-பவுண்டு. ஒரு பலசாலி எல்-சாவியைப் பிடித்துத் திருகினால் சாதாரணமாக அதன் இரட்டிப்பைக் கொடுத்துவிடுவார். ஸ்கோப்பின் குழாய் மெல்லிய அலுமினியம். அதற்குள் இன்னொரு சின்னக் குழாய் ஸ்ப்ரிங் மேல் மிதக்கிறது. நீங்கள் மேலே திருகும்போது நகர்வது அதுதான். வெளிக்குழாயை நசுக்கினால் உள்குழாய் மாட்டிக்கொள்ளும். நான்கு கிளிக் திருகினால் நகராது. ஒரு வெடி வைத்த அதிர்ச்சியில் திடீரென்று குதிக்கும். எங்கள் ஊர் துப்பாக்கிப் பயிற்சித் திடலில் ஒவ்வொரு அக்டோபரும் இதைப் பார்க்கிறேன். டார்க் ரெஞ்ச் என்று ஒன்று இருக்கிறது, அறுபது டாலர். ஆயிரக்கணக்கில் செலவழித்தவர் அதற்கு மட்டும் கணக்குப் பார்ப்பார். பேஸ் திருகுகளை எண்ணெய்ப் பசையில்லாமல் துடைத்து, நீல லாக்டைட் ஒரு சொட்டு. வளையத்து மேல்மூடிக்கு லாக்டைட் வேண்டாம், அது உயவுபோல வேலை செய்து அளவுக்கு மேல் இறுகிவிடும். முடிந்தது. ஒரு மணி நேர வேலை.

இனி அந்த எக்ஸ்.

ஸ்கோப் தூரத்தைக் கிட்டே கொண்டுவருவதற்கான கருவி என்று நினைக்கிறார்கள். அந்த வேலைக்கு பைனாகுலர் இருக்கிறது. (ஸ்கோப்பால் புதரைத் துழாவுகிறவர்கள், அங்கே நிற்பது சக மனிதனாக இருந்தால் அவன் நெஞ்சுக்கு நேராகக் குழலைப் பிடித்திருக்கிறோம் என்பதை யோசிப்பதேயில்லை.) ஸ்கோப்பின் உண்மையான உபகாரம் வேறு. திறந்த குறிமுனையில் பின்பள்ளம், முன்முனை, இலக்கு என்று மூன்று வெவ்வேறு தூரத்தில் இருப்பவற்றைக் கண் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்கவேண்டும். எந்தக் கண்ணாலும் முடியாது. ஸ்கோப்பில் குறுக்குக்கோடும் இலக்கும் ஒரே தளத்தில் வந்துவிடுகின்றன. ஒரு எக்ஸில்கூட இந்த லாபம் முழுசாகக் கிடைக்கிறது.

அதற்கு மேல் கூட்டிக்கொண்டே போனால் எதையெல்லாம் இழக்கிறோம்? முதலில் பார்வைப்பரப்பு. 3-9x40 என்று எங்கும் கிடைக்கும் சாதாரண ஸ்கோப்பை ஒன்பதில் வைத்தால் நூறு கெஜத்தில் பதினான்கு அடி அகலம் தெரியும். பென்சில்வேனியக் காட்டில் மான் நூறு கெஜத்தில் நிற்பது அபூர்வம். ஓக் மரங்களுக்கு நடுவே நாற்பது கெஜத்தில் சட்டென்று வந்து நிற்கும். அங்கே தெரிவது ஐந்தரை அடி. 25 எக்ஸில் இரண்டடிகூட இல்லை. பழுப்பு மயிர் தெரியும். அது தோளா தொடையா, மானா மானுக்குப் பின்னால் இருக்கும் பட்டுப்போன மரமா என்று தெரியாது. மூன்றில் வைத்திருந்தால் மான் முழுசும், பக்கத்தில் நிற்கும் குட்டியும் தெரிந்திருக்கும்.

இரண்டாவது வெளிச்சம். ஸ்கோப்பின் முன்கண்ணாடி விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 42 மில்லிமீட்டர், ஆறு எக்ஸ் என்றால் ஏழு மில்லிமீட்டர். இருட்டில் இளைஞனின் கண்மணி ஏழு வரை விரியும். ஐம்பது வயதில் ஐந்து விரிந்தால் பெரிய விஷயம். அதே 42-ஐ 14 எக்ஸுக்குத் திருகினால் ஒளிவட்டம் மூன்று மில்லிமீட்டர், அந்தி நேரத்தில் அழுக்குத் தண்ணீருக்குள் பார்க்கிற மாதிரி இருக்கும். உடனே "அதனால்தான் 56 மில்லிமீட்டர் வாங்கினேன்" என்பார் ஒருவர். ஜெர்மானியர்கள் நிலவொளியில், பரண் மேல் உட்கார்ந்து காட்டுப்பன்றிக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களுடைய 8x56-க்குக் காரணம் இருக்கிறது. இங்கே சூரியன் மறைந்து அரை மணி நேரத்தில் சட்டப்படி துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும். அந்த அரை மணிக்கு 6x42 தாராளம். 56-ஐ மாட்ட உயரமான வளையம் வேண்டும். உயரமான வளையம் போட்டால் கன்னம் கட்டையை விட்டுக் கிளம்பிவிடும். கன்னம் அந்தரத்தில் இருக்கும்போது ஒவ்வொரு முறையும் கண் ஒவ்வொரு இடத்தில் இருக்கும்.

மூன்றாவது கைநடுக்கம். உருப்பெருக்கம் இலக்கை மட்டும் பெருக்குவதில்லை, நம் நாடித்துடிப்பையும் பெருக்குகிறது. குறுக்குக்கோடு அங்குமிங்கும் ஆடுவதைப் பார்த்து, சரியான கணத்தில் பிடித்துவிடலாம் என்று ட்ரிகரைப் பறித்து இழுப்பார்கள். நான்கு எக்ஸில் அதே ஆட்டம்தான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாததால் மனசு அமைதியாக இருக்கிறது.

ஜாக் ஓ'கானர் என்ற அமெரிக்க எழுத்தாளர் .270 வின்செஸ்டரை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க மலையாடு வேட்டையாடினார். 1936-இல் வந்த மாடல் 70 ரைஃபிள், அதன் மேல் நான்கு எக்ஸ் ஸ்கோப். மரமில்லாத மலைச்சரிவுகள், தூரம் அதிகமான இடம். அதற்கே நான்கு போதுமாக இருந்தது. .270-ஐ 200 கெஜத்தில் சரியாக விழும்படி அமைத்துவிட்டால் 300 கெஜத்தில் ஆறேழு அங்குலம்தான் கீழே இறங்கும். முதுகுக்கோட்டை ஒட்டிப் பிடித்தால் நெஞ்சுக்குள் விழும். திருகுவதற்கு ஒன்றுமில்லை. இன்றைக்கு அதே சரிவில் 5-25x56-ஐச் சுமந்துகொண்டு ஏறுகிறார்கள்.

ஏன் சுமக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தூரத்துக்காக. இங்கேதான் விஷயம் ரசனை வேறுபாடு என்ற கட்டத்தைத் தாண்டுகிறது.

600 கெஜத்து மான் 25 எக்ஸில் 24 கெஜத்தில் நிற்பதுபோலத் தெரியும். காற்றுக்கு அது தெரியாது. சாதாரண .308 குண்டை மணிக்குப் பத்து மைல் குறுக்குக்காற்று 300 கெஜத்தில் ஏழெட்டு அங்குலம் தள்ளும். தூரம் இரட்டித்தால் தள்ளல் நாலு மடங்குக்கும் மேல். 600-இல் முப்பது அங்குலத்தைத் தாண்டும். பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்துக் காற்றை மூன்று மைல் தப்பாகக் கணித்தால் பத்து அங்குலம் போய்விட்டது. குண்டு போய்ச்சேர முக்கால் விநாடிக்கு மேல் ஆகிறது. புல் மேய்கிற மான் அதற்குள் ஒரு அடி எடுத்து வைக்கும், அது அதன் சுபாவம். இதில் எதையும் ஸ்கோப் குறைப்பதில்லை. குறைந்ததுபோல ஒரு நினைப்பைத் தருகிறது. பெரிய எண்ணின் விலை அந்த நினைப்புக்குத்தான்.

இரண்டு வருடம் முன்பு நண்பரின் நண்பர் ஒருவர் இரவு ஏழு மணிக்குக் கூப்பிட்டார். மாலையில் ஒரு பள்ளத்தாக்குக்கு அக்கரையில் நானூற்றுச் சொச்சம் கெஜத்தில் ஒரு பெண்மானைச் சுட்டிருக்கிறார். மான் முதுகைக் கூனிக்கொண்டு ஓடிவிட்டது, தேட ஆள் வேண்டும். முதுகைக் கூனியது என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது, வயிற்றில் பட்டிருக்கிறது. இலைச்சருகில் இருந்த ரத்தத்தில் பச்சைத் துணுக்குகள். நாலு பேர் டார்ச்சோடு பதினொன்றரை வரைக்கும் தேடினோம். காலையில் ஓடைப் பக்கத்தில் கிடைத்தது. படுத்து எழுந்து, படுத்து எழுந்து, நான்கு இடத்தில் படுத்த தடம் இருந்தது. கயோட்டிகள் பின்பக்கத்தைத் தின்றிருந்தன. மிச்ச இறைச்சியும் கெட்டுவிட்டிருந்தது. அந்த வார இறுதியில் அவர் துப்பாக்கியைத் திடலில் நூறு கெஜத்துக்குப் போட்டுப் பார்த்தோம். ஒன்றரை அங்குலம் வலப்பக்கம். பின்வளையத்தை விரலால் அசைக்க முடிந்தது. ஸ்கோப் ஆயிரத்து எண்ணூறு டாலர். வளையங்கள் கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து எடுத்துப் போட்டவை. அவர் கெட்டவர் இல்லை, அன்று இரவு எங்கள் எல்லோரையும்விட அதிகம் நடந்தவர் அவர்தான். ஆனால் நானூறு கெஜத்தில் சுடலாம் என்று அவருக்குச் சொன்னது அந்த ஸ்கோப். முடியாமல் செய்தது அந்த வளையம்.

ஜிம் கார்பெட்டைப் படித்தவர்களுக்கு சம்பாவத் புலி ஞாபகமிருக்கும். 1907-இல் அவர் அதைக் கொன்றபோது அதன் பேரில் எழுதப்பட்டிருந்த மனித உயிர்கள் 436. செத்துக்கிடந்த புலியின் வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்க மேல், கீழ் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். இயல்பான இரையைக் கொல்ல முடியாமல்போனதால்தான் அது மனிதர்கள் பக்கம் திரும்பியது என்று அவர் கருதினார். யாரோ ஒருவர், எப்போதோ, சில அங்குலம் தள்ளிச் சுட்டுவிட்டுத் தேடாமல் வீட்டுக்குப் போயிருக்கிறார். பென்சில்வேனிய மான் யாரையும் தின்னப்போவதில்லை. அதனாலேயே அது எப்படிச் செத்தது என்று யாரும் எழுதிவைக்கப்போவதும் இல்லை.

எதிர்வாதங்களில் இரண்டைப் பொருட்படுத்துகிறேன். ஒன்று, நிலப்பன்றி, புல்வெளி அணில் மாதிரி சின்னப் பிராணிகளைச் சுடுகிறவர்கள். கையகல இலக்கு, அவர்களுக்குப் பன்னிரண்டு, பதினாறு எக்ஸ் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு, எஃகுத் தகட்டை ஆயிரம் கெஜத்தில் அடிக்கும் போட்டிக்காரர்கள். அவர்கள் காற்றைப் படிக்கும் விதத்தைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடலாம். தகடுக்கு வலிக்காது, தப்பினால் சிரித்துவிட்டு அடுத்த தோட்டா. அவர்களுடைய மவுண்டுகளைப் போய்ப் பாருங்கள்: ஒரே உலோகக்கட்டியில் குடைந்தது, ஆறு திருகு, விலை முந்நூறுக்கு மேல். 25 எக்ஸ் உண்மையிலேயே தேவைப்படுகிறவர் மவுண்டில் மிச்சம் பிடிப்பதில்லை. அவர்களைப் பார்த்துக் காப்பியடிக்கிற வேட்டைக்காரர் ஸ்கோப்பை மட்டும் காப்பியடிக்கிறார்.

"உருப்பெருக்கம் அதிகமிருந்தால் துல்லியமாகச் சுடலாம், அது மிருகத்துக்கு நல்லதுதானே?" என்று மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள். நூற்றைம்பது கெஜத்தில் ஆறு எக்ஸில் எட்டங்குல வட்டத்தை அடிக்க முடியாதவர் பதினெட்டு எக்ஸிலும் அடிக்கமாட்டார். அவருக்கு வேண்டியது தோட்டாவும் பயிற்சியும். ஸ்கோப்பில் மிச்சம்பிடித்த ஆயிரம் டாலருக்குத் தோட்டா வாங்கினால் நாலைந்து பருவத்துக்குப் பயிற்சி செய்யலாம்.

ஆக, என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இது. ஆயிரத்து ஐநூறு டாலர் ரைஃபிளா, முதலில் அதன் ரிசீவருக்கு என்ன மவுண்ட் பொருந்தும் என்று பாருங்கள். உடலிலேயே ஏற்பாடு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் பேஸும் வளையமும் ஒரே துண்டாக வருவது, அல்லது முட்டுக்கொடுக்கும் பள்ளமுள்ள தண்டவாளம். நூற்றைம்பது டாலர் வரை தயங்காமல் கொடுங்கள். ஸ்கோப் 2-7, இல்லை 3-9, இல்லை வெறும் ஆறு. 13 அவுன்ஸுக்கு மேல் போகவேண்டாம். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நாலு அங்குலம் இடைவெளி கிடைக்கிறதா பாருங்கள், புருவத்தில் பிறைவடிவத் தழும்பு வேண்டாமென்றால். குறுக்குக்கோடு தடிமனாக, எளிமையாக இருக்கட்டும். மரக்கிளைகளுக்கு நடுவே கிறிஸ்துமஸ் மரம் மாதிரியான கோடுகள் கண்ணைத்தான் குழப்பும். காட்டுக்குள் போகும்போது எப்போதும் மிகக் குறைந்த எண்ணில் வைத்திருங்கள். மான் தூரத்தில் நின்றால் திருகிக்கொள்ள நேரம் இருக்கும். கிட்டே நின்றால் இருக்காது.

மாட்டி முடித்ததும் ஒரு சோதனை. நூறு கெஜத்தில் பெரிய தாள் ஒன்றை ஒட்டி, எப்போதும் அதே மையத்தைக் குறிவைத்துச் சுடுங்கள். முதல் மூன்று அங்கேயே. பிறகு இருபது கிளிக் மேலே திருகி மூன்று. இருபது வலப்பக்கம், மூன்று. இருபது கீழே, மூன்று. இருபது இடப்பக்கம், மூன்று. கால் மினிட் கிளிக் என்றால் ஐந்தங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான பக்கமுள்ள சதுரம் விழவேண்டும். கடைசி மூன்றும் முதல் மூன்றின் மேலேயே வந்து உட்காரவேண்டும். சதுரம் சாய்ந்திருந்தால் ஸ்கோப்பைச் சாய்வாக மாட்டியிருக்கிறீர்கள். சதுரமே வரவில்லை என்றால் வளையத்தைத் தளர்த்தி, சொன்ன அளவுக்கு இறுக்கி, இன்னொரு முறை. அப்போதும் வரவில்லை என்றால் ஸ்கோப்பைத் தயாரிப்பாளருக்கே அனுப்புங்கள். இதை செப்டம்பரிலேயே செய்துவிடுங்கள். போய் வருவதற்கு ஆறு வாரமாவது ஆகும், அதற்குள் பருவம் வந்துவிடும்.